உடன் போனவள் போன ஊரில் என்ன செய்தாள்?

மார்கரெட் – ஜேம்ஸ் கசின்ஸ் இணையரின் தன்வரலாற்றை முன்வைத்து

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா வரும்போது என் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும். முந்நீர் வழிப் போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியர் விதிக்கும் இடம் அது. முந்நீர் என்றால் கடலா, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். எப்படிப் பொருள்கொண்டாலும் அவன் போகிறான், அவள் இருக்கிறாள். “அப்போ நாங்க எங்கதான் போறது?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம்.

ஒருமுறை அப்படிப் போக முடியவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மாணவி ஒருத்தி விடைபெற்றுச் செல்லத் துறைக்கு வந்திருந்தாள். கணவருக்கு ஓமனில் ஆங்கில விரிவுரையாளர் வேலை. இவளும் போகிறாள். இனிப்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மா, தொல்காப்பியர் கூடாதுன்னார், விசாக்காரங்க சரின்னுட்டாங்க. ஆனா படிவத்துல தொழில்னு இருந்த எடத்துல ஏஜென்டே ஹவுஸ் ஒய்ஃப்னு எழுதிட்டார். ஆறு வருஷம் ஆய்வு பண்ணிருக்கேன்னு சொன்னேன். அது தொழில் இல்லையே மேடம்னார். நான் போறது உடன்போக்கா, இல்ல சும்மா பின்னாடியே போறதாம்மா?”

அவளுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஒரு நூலை வாசித்ததன் விளைவு.

உடன்போக்கு நம் அக மரபில் பெண்ணின் துணிவைச் சொல்லும் துறை. பெற்றோர் அறியாமல், பல வேளைகளில் தோழியின் துணையோடு, அவள் காதலனுடன் பாலை வழியே புறப்படுகிறாள். முடிவு அவளுடையது. ஆனால் அந்தப் பாடல்களில் பேசுவது யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். மகளைப் பிரிந்த நற்றாய் பேசுகிறாள். தேடிப் போகும் செவிலி பேசுகிறாள். வழியில் கண்டோர் பேசுகிறார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அவள் என்ன செய்தாள் என்பது பெரும்பாலும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஐங்குறுநூற்றின் 203ஆம் பாடலில் கபிலர் அவளைப் பேசவைக்கிறார். அங்கும் அவள் பேசுவது, அவன் நாட்டில் விலங்குகள் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் தன் வீட்டுத் தேன் கலந்த பாலைவிட இனிது என்பதையே. குறுந்தொகை 167இல் மகளின் புது மனையைப் பார்த்துவந்த செவிலி, தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற அவள் புளிக்குழம்பு வைத்ததையும், கணவன் இனிது என்று உண்டபோது அவள் முகம் மலர்ந்ததையும் சொல்கிறாள். இரண்டும் அருமையான பாடல்கள்தாம். ஆயினும் அவன் நாட்டுத் தண்ணீர், அவன் நாவின் சுவை என்பவற்றுக்கு அப்பால், அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரு பொழுது, ஒரு வேலை, ஒரு கோபம் எதுவும் நம் கைக்கு வருவதில்லை.

அந்த இடைவெளியில் வைத்து வாசிக்க எனக்குக் கிடைத்த நூல் ‘வீ டூ டுகெதர்’. ‘நாமிருவர் ஒன்றாக’ என்று தமிழில் சொல்லலாம். 1950இல் சென்னையில் கணேஷ் அண்ட் கோ வெளியிட்டது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்தத் தன்வரலாற்றை எழுதியவர்கள் இருவர்: அயர்லாந்திலிருந்து 1915இல் சென்னை வந்து, இந்த மண்ணிலேயே இறந்துபோன மார்கரெட் கசின்ஸும் அவருடைய கணவர் ஜேம்ஸ் கசின்ஸும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்கிறார். எந்தப் பகுதி யாருடையது என்பது குறிக்கப்பட்டிருக்கிறது.

ஜேம்ஸ் 1873இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். கவிஞர், நாடக ஆசிரியர். அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சிக் காலத்தில் டப்ளினில் எழுதிக்கொண்டிருந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். மார்கரெட் 1878இல் ராஸ்காமன் மாவட்டத்தில் பாய்ல் என்ற சிற்றூரில் பிறந்தவர். டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றவர். 1903இல் இருவருக்கும் திருமணம். 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் முதலியோருடன் சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை மார்கரெட் தொடங்கினார். வாக்குரிமைப் போராட்டத்துக்காக 1910இல் லண்டன் ஹாலவே சிறையிலும், டப்ளின் கோட்டையின் சன்னல்களை உடைத்ததற்காக 1913இல் டல்லமோர் சிறையிலும் இருந்தார். டல்லமோரில் அரசியல் கைதியாக நடத்தக் கோரி உண்ணாநோன்பும் இருந்தார். கணவரும் இந்தப் போராட்டத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். பெண்கள் வாக்குரிமைக்காக 1912இல் தொடங்கப்பட்ட ‘ஐரிஷ் சிட்டிசன்’ ஏட்டின் தொடக்க ஆசிரியர்கள் இருவரில் அவர் ஒருவர்.

டல்லமோர் சிறைக்குப் போன அதே 1913இல்தான் டப்ளினை விட்டுக் கிளம்புகிறார்கள். முதலில் லிவர்பூல். அங்கே ஜேம்ஸுக்கு மரக்கறி உணவுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. பிறகு 1915இல் அன்னி பெசண்டின் ‘நியூ இந்தியா’ நாளேட்டில் பணியாற்ற ஜேம்ஸுக்கு அழைப்பு. கப்பலேறினார்கள். 1916 ஈஸ்டர் எழுச்சியில் சுட்டுக்கொல்லப்பட்ட ஐரிஷ் கவிஞர்களைப் போற்றி ஜேம்ஸ் அந்த ஏட்டில் எழுதினார். வேலை போயிற்று. அடுத்து மதனப்பள்ளி. இன்று ஆந்திராவில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அந்தச் சிற்றூரின் பிரம்மஞான சபைக் கல்லூரியில் ஜேம்ஸ் ஆங்கில ஆசிரியரானார், பின்னர் முதல்வருமானார்.

டப்ளின், லிவர்பூல், சென்னை, மதனப்பள்ளி என்ற இந்த வரிசையை ஜேம்ஸின் பணிக்குறிப்பாக வாசித்தால் எல்லா இடமாற்றத்துக்கும் காரணம் இருக்கிறது. மார்கரெட்டின் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். டப்ளினில் அவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர், அதன் பொருளாளர், சிறை சென்ற போராளி. இயக்கம் உச்சத்தில் இருந்தபோது கிளம்பியவர். பின்னாளில் அந்த நாட்டில் பெண்கள் வாக்களித்தபோது அவர் அங்கில்லை. வேலைக்கான அழைப்பு கணவர் பெயருக்கு வருகிறது. கப்பல் கட்டணம் இருவருக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மனைவி எதை விட்டுவிட்டு வருகிறாள் என்பதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஓமனுக்குப் புறப்பட்ட என் மாணவியின் படிவத்திலும் இல்லாதது அந்தக் கட்டம்தான்.

இந்த இடமாற்றங்களை இயக்கிய வேலை ஆங்கிலம் கற்பித்தல் என்பதை நாம் கவனிக்காமல் கடக்க முடியாது. இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக வேரூன்றும் முன்பே இந்தியாவில் அது ஆட்சிக் கருவியாகப் பாடத்திட்டம் ஏறியதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். இங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்தவரோ, அதே ஆங்கிலப் பேரரசு தன் நாட்டுக் கவிஞர்களைச் சுட்டுக்கொன்றதை எழுதியதற்காக வேலை இழந்தவர். ஆளும் மொழியை விற்றுப் பிழைக்கும் ஆளப்பட்டவர். 1924இல் மைசூரில் ஓர் இளைஞர் தன் ஆங்கிலக் கவிதைகளை ஜேம்ஸிடம் காட்டியபோது, உன் தாய்மொழியில் எழுது என்று அவர் சொன்னார். அந்த இளைஞர் பின்னாளில் ஞானபீடம் பெற்ற கன்னடக் கவி குவெம்பு. இந்தச் சம்பவம் கன்னட இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெற்றிருக்கிறது. ஓர் ஆசிரியர் ஓர் ஆணுக்குச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு வரலாற்றில் இடம் கிடைத்துவிடுகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதே குடும்பத்தின் மற்றொரு பாதி அதே ஆண்டுகளில் செய்ததற்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

மதனப்பள்ளியில் மார்கரெட் பெண்களைக் கூட்டத் தொடங்கினார். அங்கே உருவான மாதர் அமைப்பின் பெயர் ‘அபலா அபிவர்த்தினி சமாஜம்’. அபலைகளை முன்னேற்றும் சங்கம். சன்னலை உடைத்துச் சிறை போன ஒருத்தி, பெண்ணுக்கு ‘வலிமையற்றவள்’ என்று பெயர் வைத்திருக்கும் சொல்லைத் தலையில் சூடிய சங்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது. ஆனால் அந்த அனுபவத்தின் மேல்தான் 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் எழுந்தது. அன்னி பெசண்ட் தலைவர். மார்கரெட்டும் டாரத்தி ஜினராஜதாசாவும் செயலாளர்கள். ‘அபலா’ என்ற சொல் உதிர்ந்து ‘மாதர்’ என்ற சொல் வந்தது. சங்கப் பெயர்ப்பலகையில் நடந்த இந்தச் சிறு மாற்றத்தை நான் ஒரு வரலாற்று நிகழ்வாகவே கருதுகிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னை வந்தார். பெண் கல்வி குறித்துப் பேச மார்கரெட் நேரம் கேட்டார். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோரை மட்டுமே சந்திக்க முடியும் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுகிறோம் என்று வாக்குரிமைக் கோரிக்கையைச் சேர்த்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதிகளின் அடிப்படையில், பெண்களுக்கும் வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. 1926இல் மார்கரெட் விடுத்த அழைப்பிலிருந்து அகில இந்திய மாதர் மாநாடு பிறந்து, 1927 சனவரியில் புனேயில் முதன்முறை கூடியது. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்ததன் பின்னாலும் மாதர் சங்கத்தின் முயற்சி இருந்தது.

இவற்றில் எதற்கும் மார்கரெட்டுக்கு ஒரு வேலைக்கடிதம் வரவில்லை. எந்தக் கல்லூரியும் அவரை இதற்காக வரவழைக்கவில்லை. இங்கிருந்துதான் என் வாசிப்பின் முதல் கருத்து எழுகிறது: கணவனின் வேலையோடு வந்த பெண்ணுக்குப் பதவி இல்லை. மார்கரெட் அந்தப் பதவியின்மையையே வேலை செய்யும் இடமாக மாற்றிக்கொண்டார். ஜேம்ஸ் எழுதிய ஒரு கட்டுரைக்கு முதலாளி இருந்தார், அதனால் வேலை போயிற்று. மார்கரெட் கூட்டிய கூட்டத்துக்கு முதலாளி இல்லை.

ஒரு சிறு நிகழ்வு இதை இன்னும் தெளிவாக்கும். 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். அங்கே ‘ஜன கண மன’ பாடினார், அதை ஆங்கிலத்திலும் ஆக்கினார். அந்தப் பாடலின் மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதியவர் மார்கரெட். இந்தச் செய்தி தேசிய கீதம் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும், கல்லூரி முதல்வரின் மனைவி உதவினார் என்ற தொனியில் வந்துபோகிறது. காதால் கேட்ட வங்காள மெட்டை மேற்கத்திய இசைக்குறிப்பில் வைப்பது வந்த விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பது போன்ற உதவி அன்று. அது இசையில் பட்டம் பெற்றவர் செய்த தொழில்முறைப் பணி. செய்தவள் யாருடைய மனைவி என்று தெரிந்தவுடன் பணி உதவியாகச் சுருங்கிவிடுகிறது.

அதே 1919–20இல் ஜேம்ஸ் தோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். மார்கரெட் மங்களூரில் தேசியப் பெண்கள் பள்ளியின் முதல் தலைமை ஆசிரியராக இருந்தார். ‘ஒன்றாக’ என்று தலைப்பிட்ட வாழ்க்கைக்குள் இப்படியும் ஓர் ஆண்டு உண்டு. கடல் கடந்த வேலைக்கு அவன், கரையில் அவள் என்று இதைப் பழைய நூற்பாவின்படி வாசித்துவிட முடியாது. கரையில் இருந்தவளும் காத்திருக்கவில்லை. முல்லைத்திணைக்கு இங்கே இடமில்லை.

இனி நூலின் வடிவத்துக்கு வருகிறேன். நம்மிடம் கணவரோடு வேற்றுநிலம் போன பெண்களின் எழுத்து இல்லாமல் இல்லை. 1908இல் பாரதி பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரிக்குப் போனார். பின்னர் செல்லம்மாளும் போய்ச் சேர்ந்தார். 1918 வரை நீண்ட அந்த வாழ்க்கையைப் பற்றிச் செல்லம்மாள் பேசியிருக்கிறார். 1941இல் அவர் பெயரில் பாரதியின் சரித்திரம் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலியில் பேசினார். அந்தப் பேச்சின் தலைப்பு ‘என் கணவர்’. கசின்ஸ் இணையரின் நூல் வெளிவந்ததற்கு மறு ஆண்டு. சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் ஒரு கவியின் கருணைக் கதையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். செல்லம்மாளுக்கு அது அன்றைய உலைக்கான அரிசி. புதுச்சேரியில் செல்லம்மாள் என்ன செய்தார் என்பது அந்த உலையின் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு அவருக்குக் கிடைத்த வாசல் ‘என் கணவர்’ என்பது ஒன்றுதான். அந்த வாசல் வழியே வந்தால் மட்டுமே நாம் கேட்கத் தயாராக இருந்தோம்.

மார்கரெட்டுக்குக் கிடைத்தது வேறு வாசல். கணவரைப் பற்றி எழுதும் மனைவியாக அவர் அந்த நூலில் வரவில்லை. தன்னைப் பற்றி எழுதுகிறார், தன் பகுதி என்ற குறிப்போடு எழுதுகிறார். திருமணமான முதலாண்டில் உடலுறவு என்றால் என்ன என்று அறிந்தபோது தனக்குள் எழுந்த அதிர்ச்சியையும் எதிர்ப்பையும், அந்த எதிர்ப்பு தன்னைவிட்டு நீங்கவே இல்லை என்பதையும் எழுதியிருக்கிறார். கணவரின் பெயரும் சேர்ந்து அச்சான ஒரு நூலில், கணவர் உயிரோடு இருக்கும்போதே, எழுபதை நெருங்கிய பெண்மணி இதைச் சொல்வது சிறிய காரியம் அன்று. இன்று இதை வாசிக்கும் மாணவிகள் சிலர், உடலை வெறுக்கும் துறவு மனப்பான்மை என்று இதை ஒதுக்கலாம். பிரம்மஞான சபையின் தூய்மைக் கருத்துகள் அதில் கலந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் திருமணம் தன்னிடம் கேட்பது என்ன என்று அறியாமலேயே ஒரு பெண் அதற்குள் அனுப்பப்பட்டாள் என்ற முறையீடு அதில் இருக்கிறது. அதை நான் ஒதுக்க மாட்டேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வாழ்க்கையின் பயணங்களும் சிறைகளும் கூட்டங்களும் அந்த உண்மையோடு சேர்த்து வாசிக்க வேண்டியவை.

இவ்வளவு சொன்ன பிறகு இந்நூலின் ‘நாம்’ என்ற சொல்லை நான் சந்தேகிக்கவும் வேண்டும். ‘ஒன்றாக’ என்ற தலைப்பின் கீழ் எழுதும் இருவர் ஒருவரையொருவர் மறுத்து எழுதுவது கடினம். டப்ளினை விட்டுக் கிளம்பியதில் யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற கணக்கை இணைவாழ்வின் பெருமிதம் மூடிவிடுகிறது. அந்த இழப்பை நாம் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ‘நாம்’ இரண்டு பேரோடு முடிந்தும்விடுகிறது. மதனப்பள்ளியில் அவர் கூட்டிய பெண்கள் அந்தச் சங்கத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள், ‘அபலா’ என்ற பெயர் அவர்களுக்கு உறுத்தியதா, ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் தங்கள் நடுவில் அமர்ந்தது அவர்களுக்குத் துணையாக இருந்ததா, சுமையாக இருந்ததா? இரண்டு குரல்களுக்கு மட்டும் இடம் வைத்த நூல் இதற்குப் பதில் தர முடியாது. மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ இதழில் பின்னாளில் தமிழ், தெலுங்கு, இந்திப் பக்கங்கள் சேர்ந்தாலும் அதன் முதன்மை மொழி ஆங்கிலமே. வந்தது கணவருக்குக் கிடைத்த ஆங்கில வேலையால் என்றால், மனைவி ஆற்றிய பொதுப்பணியும் அதே ஆங்கிலத்தின் செல்வாக்கில்தான் நடந்தது. 1921இன் வாக்குரிமை சொத்துள்ள பெண்களைத்தான் எட்டியது. வயலில் நின்றவளும் ஐரோப்பியர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளும் அதற்கு வெளியே நின்றார்கள். குமாரி ஜெயவர்த்தன 1995இல் வெளியிட்ட நூலொன்றில், காலனியத் தெற்காசியாவுக்கு வந்த மேலைநாட்டுப் பெண்களை ஒரே தட்டில் வைக்காமல், ஆட்சியோடு நின்றவர் யார், ஆட்சியை எதிர்த்து நின்றவர் யார் என்று பிரித்துக் காட்டினார். மார்கரெட் எதிர்த்து நின்றவர்களின் வரிசையில் வருபவர். 1920களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கௌரவ நீதிபதியாக அமர்ந்தவர், 1932இல் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசி வேலூர்ச் சிறைக்கு ஓராண்டுத் தண்டனையோடு போனார். தன் நாட்டில் பட்ட சிறையை இந்த நாட்டிலும் பட்டவரைப் பார்வையாளர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் எதிர்த்து நிற்பதற்கு அவரிடம் தோலின் நிறமும் இருந்தது, பிரம்மஞான சபையின் உலகளாவிய தொடர்புகளும் இருந்தன, வீட்டில் அழும் குழந்தை இல்லை என்ற உண்மையும் இருந்தது.

இதனால்தான் மார்கரெட்டின் கதையை நம் மாணவிகளுக்கு ஊக்கக் கதையாகச் சொல்வதை நான் எதிர்க்கிறேன். கணவனோடு போ, போன இடத்தில் வேலை இல்லாவிட்டால் என்ன, சங்கம் தொடங்கு, மாநாடு கூட்டு, மார்கரெட்டைப் பார் என்று மேடையில் சொல்வது எளிது. கையில் குழந்தையோடு, புரியாத மொழி பேசும் ஊரில், வேலை செய்ய அனுமதிக்காத விசாவில் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் இருப்பவளிடம் அப்படிச் சொல்வது கொடுமை. பதவியின்மை மார்கரெட்டுக்கு வெளியாக விரிந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் இல்லாத இடத்தில் அதே பதவியின்மை சுவராகிவிடும். திறமையாலும் துணிவாலும் மட்டும் அந்தச் சுவர் விழாது.

ஊக்கக் கதை இல்லை என்றால் இந்நூலை ஏன் வாசிக்க வேண்டும்? அது ஒரு பெண்ணின் போன ஊர்க் கணக்கு. செவிலி பார்த்துவந்து சொன்னதும் இல்லை, வழியில் கண்டோர் சொன்னதும் இல்லை. கோவலன் மதுரைக்கு எழுந்திரு என்றதும் கண்ணகி எழுந்து வந்ததை, கொலைக்களக் காதையில் அவனே வியந்து சொல்கிறான். புகாரிலிருந்து மதுரை வரை நடந்த அந்த வழியை, அந்த வெயிலை, ஆய்ச்சியர் குடிலில் சமைத்த அந்த ஒரு வேளையைக் கண்ணகி தானே சொல்லும் ஒரு காதை நமக்கு இல்லை. அவள் வாய் திறந்து ஊர் கேட்கப் பேசுவதற்கு அவன் சாக வேண்டியிருந்தது. மார்கரெட் பேசுவதற்கு யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. கணவர் தன் பகுதியை எழுதினார், இவர் தன் பகுதியை எழுதினார். 1940களில் பக்கவாதம் அவர் உடலை முடக்கியது. முடங்கிய உடலோடு இருந்த ஆண்டுகளில்தான் இந்நூல் வெளிவந்தது. 1954இல் அடையாற்றில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜேம்ஸ் மதனப்பள்ளியில் மறைந்தார்.

என் மாணவி ஓமன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் வாய்மொழித் தேர்வுக்கு வந்தாள். தேர்வு நன்றாக முடிந்தது. விடைபெறும்போது, அவள் முன்பு கேட்ட கேள்வியை நான் திரும்பக் கேட்டேன். “அதுக்கு இப்ப நேரமில்லம்மா, அங்க ஒண்ணும் எழுத முடியல” என்றாள். எழுத முடியவில்லை என்பதையே எழுது என்றேன். காலையில் அவர் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது, யாரோடு பேசினாய், எந்த மொழியில் பேசினாய், மாலைவரை என்ன செய்தாய், இதையெல்லாம் தேதியோடு எழுது, உன் பெயரைப் போட்டு எழுது. கட்டுரையாகவெல்லாம் வேண்டாம். உடன்போக்கா, பின்னால் போனதா என்பதை அதற்கப்புறம் நீயே சொல்வாய்.

அவள் தலையாட்டினாள். நூலகப் பிரதியான கசின்ஸ் நூலை என் பெயரில் எடுத்து அவளிடம் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. நூலகர் இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பிவிட்டார். அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஏறட்டும்.